தோங் பிஸ்கட்

மலாய் நாட்டில், சுங்காய்க்குப் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரங்களை வேரோடு சாய்த்துவிட்டுச் செம்பனை என்ற எண்ணெய்ப்பனைக் கன்று நடத் தொடங்கியபோது பத்துமலைக்கு வேலை போயிற்று. அவன் பால் வெட்டுகிறவன் அல்ல. பாலை உறையவைத்துத் தகடாக அழுத்திய பிறகு அதைக் காயவைக்கும் புகைக்கூடத்தில் நெருப்புப் பார்க்கிறவன். சூடு கூடினால் தகடு கொப்பளித்துப் போகும், குறைந்தால் பூசணம் பூக்கும். மீசை முளைத்த நாளிலிருந்து அந்த நெருப்போடு குடும்பம் நடத்தியவன். மரமே இல்லாத தோட்டத்துக்குப் புகைக்கூடம் எதற்கு? ஒரு திங்கட்கிழமை கதவைப் பூட்டிச் சாவியை ஆபீசுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

தொழிலாளர் குடியிருந்த லயத்தில் பாதிப் பேர் அழுதார்கள். பத்துமலையின் மனைவி நல்லம்மாள் மட்டும் அழவில்லை. இருட்டில் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கொசுக்கடியில் பால் வெட்ட மரம் மரமாய் ஓடியது இத்தோடு ஒழிந்தது என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். வெளியே சொன்னால் அடிக்க வருவார்கள் என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டே சாமான்களைக் கட்டினாள்.

"ஈப்போவுக்குப் போலாம்ங்க. புந்தோங்ல எங்க சித்தப்பா மவன் இருக்கான்லா. ஒரு ரூம்பு தரேன்னு சொல்லியிருக்கான்."

பத்துமலை தலையை ஆட்டினான். இரண்டு பெண்பிள்ளைகளையும் நடுவில் உட்காரவைத்துக்கொண்டு பஸ் ஏறினார்கள். புந்தோங்கில் இறங்கியதுமே நல்லம்மாளுக்கு மூக்கு விடைத்தது. அங்கே வீட்டுக்கு வீடு கடலை வறுத்தார்கள், முறுக்குப் பிழிந்தார்கள், பொட்டலம் கட்டித் தலையில் தூக்கிக்கொண்டு விற்கப் போனார்கள். தெருவே ஒரு பெரிய வாணலி மாதிரி மணத்தது. 'இந்த ஊரில் பிழைச்சுக்கலாம்' என்று அவள் அங்கேயே முடிவுகட்டிவிட்டாள்.

பத்துமலைக்கு மரக்கிடங்கில் பலகை ஏற்றும் வேலை கிடைத்தது. நல்லம்மாள் சரோஜாதேவி அம்மாள் வீட்டில் வீட்டு வேலைக்குச் சேர்ந்தாள். யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஐயா ரயில்வேயில் உத்தியோகம். அந்த வீட்டுச் சமையலறையில் கேஸ் அடுப்புக்குக் கீழே கண்ணாடிக் கதவு வைத்த ஒரு பெட்டி இருந்தது. முதல் கிறிஸ்துமஸ் நேரத்தில், விருந்தாளிகள் வருகிறார்கள் என்று சரோஜாதேவி அம்மாள் அந்தப் பெட்டிக்குள் ஒரு தட்டைத் தள்ளினார். கொஞ்ச நேரத்தில் பொன்னிறமாக பிஸ்கட்டுகள் வெளியே வந்தன.

நல்லம்மாள் கையிலிருந்த துடைப்பத்தை நழுவவிட்டாள். பிஸ்கட் என்பது கடையில், தகரப் பெட்டியில், எங்கோ ஒரு ஃபாக்டரியிலிருந்து வருவது என்றுதான் அவள் அதுநாள் வரை நினைத்திருந்தாள். அதை ஒரு பெண்பிள்ளை தன் வீட்டில், தன் கையால் செய்ய முடியுமா!

"என்ன நல்லம்மா, அப்பிடிப் பாக்கிறீர்? இந்தாரும், தின்னும்."

சாப்பிட்டாள். வெண்ணெய் வாசம் நாக்கில் கரைந்தது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நல்லம்மாளின் நாக்கு ஒன்றைத் தேடிற்று. தீபாவளிக்குப் பிடிக்கிற நெய் உருண்டையில் வறுத்த பயத்தமாவு ஒரு வாசம் தருமே, அது இதற்குள் இருந்தால் எப்படி இருக்கும்? நினைத்த மாத்திரத்தில் அவளுக்குக் கை பரபரத்தது.

"அம்மா, இது எப்புடிம்மா செய்றது? சொல்லித் தருவீங்களா?"

"ஓம், அதுக்கென்ன? எழுதித் தரட்டே?"

"எழுத வேணாம்மா. சொல்லுங்க, மண்டையில ஏத்திக்குறேன்."

அன்று மாலை வீட்டுக்கு நடக்கவில்லை, ஓடினாள். பத்துமலை சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்திருந்தான். புகைக்கூடம் மூடியதிலிருந்து அவன் நாலு வார்த்தை சேர்த்துப் பேசி யாரும் கேட்டதில்லை. நல்லம்மாள் மூச்சு வாங்கச் சொன்னாள்.

"ஒரு பெட்டிங்க. மேலயும் சூடு, கீழயும் சூடு. நடுவுல பிஸ்கட்டு."

"தீ படணுமா?"

"படக் கூடாது. சூடு மட்டுந்தான். ஒரே சூடா நிக்கணும், ஏறவும் கூடாது, எறங்கவும் கூடாது."

பத்துமலை பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு நிமிர்ந்தான். "அடி, அது புகைக்கூடம்லா! புகையில்லாத புகைக்கூடம்!"

அதன் பிறகு அவன் வாய் மூடவில்லை. மறுநாளே தேங்காய் எண்ணெய் வந்த, ஊரில் தோங்கு என்று சொல்லும் ஒரு காலி இரும்புப் பீப்பாயைச் சைக்கிளின் பின்னால் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தான். தெருவில் எல்லாருக்கும் சிரிப்பு.

"என்ன பத்துமலை, தோங்கு எதுக்குலா? சாராயம் காச்சப் போறியா?"

"பிஸ்கட்டு காச்சப் போறேன்!" என்று கத்திவிட்டுப் போனான்.

தோங்குக்குள் வைக்கோலைக் கொளுத்தி எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கினான். அதைக் கொல்லையில் படுக்கப்போட்டு, சுற்றிலும் செங்கல் அடுக்கிக் களிமண் அப்பினான். உள்ளே தட்டு வைக்க இரும்புக் கம்பி, வாய்க்கு ஒரு தகர மூடி, கீழே ரப்பர் மரக் கட்டை நெருப்பு, மேலே தணல் பரப்ப ஒரு தகடு.

முதல் ஈடு கரியாகி வந்தது. பிள்ளைகள் அதை வைத்துச் சுவரில் கோடு கிழித்து விளையாடினார்கள். இரண்டாவது ஈடு வெளுத்துப்போய்ச் சோகை பிடித்த மாதிரி இருந்தது. நல்லம்மாள் சளைக்கவில்லை. பாசிப்பயற்றை வறுத்து மில்லில் கொடுத்து அரைத்துவந்து, கோதுமை மாவோடு சரிபாதி சேர்த்தாள். நெய் கொஞ்சம், மார்ஜரின் கொஞ்சம், பொடித்த சீனி, ஏலக்காய். பத்துமலை குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உள்ளங்கையைத் தோங்கின் வாயருகே காட்டிக் காட்டிச் சூடு பார்த்தான். ஒரு கட்டையை இழுத்தான், தணலைக் கொஞ்சம் ஓரத்துக்குத் தள்ளினான்.

"இப்ப வையி."

மூடியைத் திறந்தபோது வந்த வாசத்துக்குப் பக்கத்து வீட்டில் கடலை வறுத்துக்கொண்டிருந்தவர்களே கரண்டியோடு எட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொரு பிஸ்கட்டின் தலையிலும் மெல்லிய வெடிப்பு. கடித்தால் முதலில் ஒரு நொறுக். பிறகு மாவு, நெய், ஏலம் எல்லாம் ஒன்றாகச் சரிந்து தொண்டைக்குள் இறங்கிவிட்டது. நல்லம்மாள் ஒன்று தின்றாள். இன்னொன்று தின்றாள். மூன்றாவதை எடுத்துப் புருஷன் வாயில் திணித்தாள். அவன் மென்றுகொண்டே கண்ணை மூடியவன், திறந்தபோது சொன்னான்: "அடுத்த தட்ட வையிடி, சூடு போவுதுலா!"

அடுத்து வந்த தீபாவளிக்கு அக்கம்பக்கத்துக்குத் தட்டில் பலகாரம் கொடுத்தனுப்பியபோது முறுக்குக்கு நடுவே இதையும் வைத்தாள். வழக்கமாகத் தட்டு பதில் பலகாரத்தோடு திரும்பிவரும். இந்தத் தடவை தட்டோடு ஆட்களும் வந்தார்கள். "அக்கா, அந்த ரவுண்டா இருந்திச்சே, அது இன்னும் இருக்கா?"

ஊர் முழுக்க அதற்குக் கால் முளைத்தது ஆ கியோங்கின் கோப்பிக்கடையில்தான். பத்துமலை வேலைக்குப் போகும் வழியில் அங்கே கோப்பி குடிப்பான். சட்டைப் பையில் காகிதத்தில் சுற்றி இரண்டு பிஸ்கட் வைத்திருப்பான். ஒருநாள் அவன் அதைக் கோப்பியில் தோய்த்துத் தோய்த்துத் தின்பதை, எல்லாரும் தவுக்கே என்று கூப்பிடும் கடை முதலாளி ஆ கியோங் பார்த்துவிட்டார். அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்த சீனர். அவருக்குத் தமிழ் சுமாராக வரும்.

"இது என்னா? எந்த கடே?"

"கடை இல்ல தவுக்கே. வூட்ல செஞ்சது. தோங்குல போட்டது."

ஆ கியோங் மிச்சமிருந்த ஒன்றைக் கேட்காமலே எடுத்துத் தன் கோப்பியில் முக்கி வாயில் போட்டார். பிறகு கல்லாவை விட்டு எழுந்தே வந்துவிட்டார்.

"அய்யா! சேடாப்லா! ரொம்ப ருசி! தோங் பிஸ்கட்! நாளே கொண்டு வா, ஒரு போத்தல் நெறய கொண்டு வா!"

பெயர் அப்படித்தான் வந்தது. நல்லம்மாள் பெரிய கண்ணாடிப் போத்தலை விளிம்பு வரை நிரப்பிக் கொடுத்தனுப்பினாள். அனுப்பிவிட்டு அவளால் வீட்டில் இருக்க முடியவில்லை. சரோஜாதேவி அம்மாள் வீட்டுக்குப் போகும் வழியில் கோப்பிக்கடைக்கு எதிர்ப்பக்கம் ஒரு தூணோரமாக நின்று பார்த்தாள்.

ஒரு மலாய்த் தபால்காரர் போத்தலுக்குள் கையை விட்டார். ஒரு சீனக் கிழவி ஒன்றைத் தான் கடித்து, மற்றொன்றைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். டை கட்டிய ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டே எடுத்து வாயில் வைத்தவர், பேப்பரைக் கீழே வைத்துவிட்டுக் கையிலிருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்லம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. முகம் தெரியாத மனிதர்கள் அவள் பிசைந்த மாவைத் தின்கிறார்கள்! 'என்னோடது, என்னோடது' என்று கத்த வேண்டும்போல இருந்தது. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். மத்தியானத்துக்குள் போத்தல் காலி.

அப்புறம் பஸ்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஈப்போவிலிருந்து கிளம்பும் டிரைவர்கள் ஆ கியோங் கடையில் கோப்பி குடித்துவிட்டு ஆளுக்கொரு பொட்டலம் கொண்டுபோனார்கள். தெலுக் இந்தானுக்கு அப்போது தெலுக் அன்சன் என்று பெயர். அந்த ஊர்ப் பாசாரில், அதாவது சந்தையில், இதைக் கேட்கத் தொடங்கினார்கள். நல்லம்மாள் வீட்டு வேலையை விடப் போவதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னபோது சரோஜாதேவி அம்மாள் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"போம், சந்தோஷமாப் போம். ஆனா தீபாவளிக்கு முதல் தகரம் எனக்குத்தான், விளங்கிச்சே?"

தைப்பிங்கில் மட்டும் சறுக்கியது. அந்த ஊரில் மழை விட்டால்தானே! அங்கே போன தகரங்கள் திரும்பி வந்தன. பிஸ்கட் நமுத்து, ஊறிய அட்டைபோல வளைந்தது. நல்லம்மாள் ஒருநாள் முழுக்கச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். பத்துமலை ஒன்றை விண்டு பார்த்தான்.

"ரப்பர் ஷீட்ட ஒரே நாள்லயா காய வச்சோம்? மொதல்ல ஒரு சூடு, பொறவு ஒரு சூடு. இதுக்கும் ரெண்டாஞ் சூடு வேணும்டி."

அன்றிலிருந்து கடைசி ஈடு எடுத்த பிறகு, தணலை எல்லாம் வழித்துவிட்டு, சுட்ட பிஸ்கட்டை மறுபடியும் தோங்குக்குள் அடுக்கி, அடங்கிய சூட்டிலேயே விட்டுவைத்தார்கள். நொறுக்கென்ற சத்தம் இரண்டு மடங்காயிற்று. அடுத்த தகரம் தைப்பிங் மழையில் கிடந்தும் அசையவில்லை.

மூன்று தீபாவளி போனது. சரோஜாதேவி அம்மாளின் மூத்த மகள் அம்பிகைக்கு ஈப்போவில் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை வீடு சிரம்பான். கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். "தேத்தண்ணிக்கு உம்மட பிஸ்கட்தான். வேற ஒண்டும் வைக்கப் போறதில்லை" என்று அம்மாள் சொல்லிவிட்டார். நல்லம்மாள் தரையில் கால் படாமல் நடந்தாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை. மாவு தயார், தட்டுகள் தயார், தெருப் பெண்கள் நாலைந்து பேர் பாயில் உட்கார்ந்து உருட்டிக்கொண்டிருந்தார்கள். பத்துமலை தீ மூட்டிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். கொல்லையில் 'டமார்' என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் தோங்கு முதுகுவரை பிளந்து கிடக்கிறது. வருஷக்கணக்கில் சூடு தின்ற இரும்பு, துருப்பிடித்து இற்றுப் போயிருந்தது. களிமண் சரிந்து எல்லாம் சாம்பல் மயம்.

"அலாமா!" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள் நல்லம்மாள்.

பத்துமலை உட்காரவில்லை. அப்படியே கைலியோடு கோப்பிக்கடைக்கு ஓடினான். கொஞ்ச நேரத்தில் தெரு முனையில் ஹாரன் சத்தம். ஆ கியோங் தன் மச்சானின் லாரியைப் பிடித்துக்கொண்டு முன்சீட்டில் வருகிறார், பின்னால் இரண்டு தோங்குகள் உருண்டு முட்டிக்கொண்டு வருகின்றன.

"எண்ணே தோங்கு! நல்ல தோங்கு! சீக்கிரம்லா, சீக்கிரம்!"

தெருவே இறங்கிவிட்டது. கடலைக்காரர்கள் தங்கள் அடுப்புச் செங்கலைப் பெயர்த்துக்கொண்டு வந்தார்கள். ஒருவன் தோங்குக்குள் வைக்கோல் கொளுத்தினான், ஒருவன் கம்பியை வளைத்தான். களிமண் குழைக்கப் போனவர்களைப் பத்துமலை தடுத்தான்.

"களிமண்ணு வேணாம்! பச்ச மண்ணு காய நாளாகும், தீ பட்டா வெடிச்சிரும். மணலு கொண்டாங்கலா, மணலு!"

பக்கத்தில் வீடு கட்டுகிற இடத்தில் மேஸ்திரியிடம் கெஞ்சி ஆற்று மணலை வாளி வாளியாகக் கொண்டுவந்தார்கள். இரண்டு தோங்குகளையும் அடியில் நெருப்புக்கு இடம் விட்டுச் செங்கல்மேல் அக்கம்பக்கமாகப் படுக்கவைத்து மணலால் மூடினார்கள். வாய் மட்டும் வெளியே தெரிந்தது, இரண்டு பீரங்கி மாதிரி. தீ வைத்தார்கள். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பத்துமலை உள்ளங்கையை வலது வாயில் காட்டினான், இடது வாயில் காட்டினான். அவன் முகம் மெல்ல மலர்ந்தது.

"பழசவிட நல்லா நிக்கிது நல்லு! மணலு சூட்ட விட மாட்டேங்குது. வையி, வையி!"

அவ்வளவுதான். உருட்டுகிறவர்கள் உருட்ட, தட்டு ஓடியது. வெந்தது வெளியே வர, வேகாதது உள்ளே போயிற்று. ஆ கியோங் சட்டையைக் கழற்றிவிட்டு விசிறிக்கொண்டே எண்ணெய்த்தாள் விரித்தார். பொழுது சாய்வதற்குள் கடைசித் தகரத்துக்கு மூடி போட்டார்கள்.

மறுநாள் கல்யாண மண்டபத்தில் நல்லம்மாள் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு விருந்தாளியாகவே உட்கார்ந்திருந்தாள். தேநீர் வந்தது, பிஸ்கட் வந்தது. பிறகு பேச்சுச் சத்தம் ஒரு மாதிரி அடங்கி, நொறுக் நொறுக் என்ற சத்தம் மட்டும் மண்டபத்தைச் சுற்றி வந்தது. அவள் மடியில் கைகளை இறுகக் கோத்துக்கொண்டாள். சிரம்பான் சம்பந்தியம்மாள் நேரே சரோஜாதேவி அம்மாளிடம் போய், "உது எங்க வாங்கினியள்?" என்று கேட்டார். சரோஜாதேவி அம்மாள் திரும்பி விரலை நீட்டினார். அத்தனை தலைகளும் நல்லம்மாள் பக்கம் திரும்பின.

அதன் பிறகு எதையும் அவர்களால் நிறுத்த முடியவில்லை. பத்துமலை மரக்கிடங்கை விட்டான். தெருப் பெண்கள் கூலிக்கு உருட்ட வந்தார்கள். ரயிலில் தகரம் போயிற்று. தீபாவளி, சீனப் பெருநாள், நோன்புப் பெருநாள் மூன்றுக்கும் கொல்லையில் நெருப்பு அணையவில்லை. எண்பத்தைந்தில் முன்பக்கம் ஒரு சின்னக் கடையும் போட்டார்கள்.

அந்த வருஷம்தான் நல்லம்மாள் உறவுக்காரர் வீட்டுச் சடங்குக்காகத் தெலுக் இந்தானுக்குப் போனாள். பாசாரைக் கடக்கும்போது யாரோ அடித்தொண்டையில் கத்துவது கேட்டது.

"தோங் பிஸ்கட்! அசல் தோங் பிஸ்கட்!"

நின்றுவிட்டாள். ஒரு பலகை மேசை, அதன்மேல் பிளாஸ்டிக் பைகள், பின்னால் பூப்போட்ட சட்டை போட்ட ஒரு பெண். நல்லம்மாள் ஜென்மத்தில் பார்த்திராத பெண்.

"இது யாரு செய்யறதும்மா?"

"நாந்தாங்கா, வீரம்மா. எங்க தோட்டத்து லயத்துல வச்சுப் போடுறேன். வாங்கிப் பாருங்க, நெய்யி, அசலு."

"ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

வீரம்மா மேசைமேல் சாய்ந்துகொண்டாள். கதை சொல்வதில் ஆசை இருப்பது முகத்திலேயே தெரிந்தது. "இது அந்தக் காலத்துப் பிஸ்கட்டுக்கா. வெள்ளக்காரத் தொரை பங்களாவுல தொரைசானி போட்டது. ஜப்பான்காரன் வந்தப்ப அவுங்க ஓடிட்டாங்க, அடுப்ப ஒடச்சிட்டாங்க. சமையக்காரி என்னா பண்ணா? ஒரு தோங்க எடுத்து அதுல போட்டா. அப்புடியே வந்திச்சு. எல்லாருக்கும் தெரியுமே!"

நல்லம்மாளுக்குக் காது மடல் சுட்டது. சண்டைக்கு வார்த்தைகள் நாக்கு நுனிவரை வந்துவிட்டன. தொரைசானியாம்! ஜப்பான்காரனாம்! அவள் கண் முன்னாலேயே ஒரு பஸ் கண்டக்டர் வந்து, "தோங்கு ஒரு பையி குடு" என்று வாங்கி, அங்கேயே பிரித்து ஒன்றை வாயில் எறிந்துகொண்டு போனான். வீரம்மா முகமெல்லாம் பல்லாகச் சிரித்தாள். என்றைக்கோ தூணோரமாக நின்று தான் எப்படிச் சிரித்திருப்போம் என்று நல்லம்மாளுக்குத் தோன்றிற்று. நாக்கு நுனியில் நின்ற வார்த்தை எங்கே போயிற்றென்று தெரியவில்லை. வந்தது சிரிப்புத்தான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏங்கா சிரிக்கிறீங்க?"

"அந்தச் சமையக்காரி நாந்தாம்மா!"

"சும்மா வெளையாடாதீங்கக்கா. அவ செத்து எத்தினி வருசமாச்சோ!"

இரண்டு பை வாங்கிக்கொண்டு நல்லம்மாள் சடங்கில் பாதியிலேயே கிளம்பி ஈப்போவுக்கு பஸ் பிடித்தாள். பத்துமலை ஒன்றைக் கடித்தான். இன்னொன்றைப் புரட்டி அடிப்பக்கத்தைப் பார்த்தான்.

"மாவு நல்லா வறுத்திருக்கா. கைப்பக்குவம் இருக்குலா. மேல் தணல்தான் பத்தல. தல வெடிக்கவே இல்ல பாரு."

"போய்ச் சொல்லிக் குடுப்பமாங்க?"

"இதென்ன கேள்வி? நாயித்துக்கெழம போலாம்."

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் தகர மூடியும் ஒரு இரும்புத் தகடுமாக வீரம்மாவின் லயத்து வாசலில் போய் நின்றபோது அவள் முதலில் நம்பவில்லை. பத்துமலை அவள் அடுப்பைச் சுற்றி வந்து, மணல் கேட்டு வாங்கி அணைத்து, தணலைப் பரப்பி, உள்ளங்கையை நீட்டிச் சூடு பார்த்தபோது அவளுக்குச் சந்தேகம் வந்தது. ஈடு வெளியே வந்து, தட்டிலிருந்த அத்தனை பிஸ்கட்டும் தலை வெடித்துச் சிரித்தபோது, "ஐயோ அக்கா, நெசமாவே நீங்கதானா!" என்று நல்லம்மாளின் தோளைப் பிடித்துக் குதித்தாள். லயத்துப் பிள்ளைகள் தட்டைச் சுற்றி மொய்த்தார்கள்.

"இனிமே தொரைசானி கதைய சொல்ல மாட்டேங்கா," என்றாள் வீரம்மா.

"சொல்லு, சொல்லு. நல்லாத்தான் இருக்கு," என்று வாய் நிறைய மென்றுகொண்டே சொன்னாள் நல்லம்மாள்.

"சுங்காயிலகூட யாரோ போடுறாங்களாங்கா. ஆனா தேங்காப்பூ போடுறாங்களாம்."

"தேங்காப்பூவா!" நல்லம்மாள் மெல்லுவதை நிறுத்தினாள். பிறகு புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே கையிலிருந்த மணலைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தான்.

"சுங்காய் பஸ்ஸு எங்கலா நிக்கும்?" என்று வீரம்மாவிடம் கேட்டான் பத்துமலை.